மாசானத்துக்குத்தான் குடுக்கணும்

நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க அண்ணாச்சி. ஒருத்தன் அஞ்சு மேட்ச்சுல பத்து ஓவர் போட்டுருக்கான். பதினேழு விக்கெட்டு. விட்டுக்குடுத்தது நாப்பத்து மூணே ரன்னு. இன்னொருத்தன் அதே அஞ்சு மேட்ச்சுல எரநூத்தி நாப்பத்தோரு ரன்னு அடிச்சிருக்கான். சிக்ஸு மட்டும் இருபத்தேழு. இதுல தொடர் நாயகன் யாருக்குக் குடுப்பீங்க?

அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. சங்கரன்கோவில் போக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கெடக்கு. இந்த டிரைவரு ஆடு குறுக்க வந்தாக்கூட எறங்கி விசாரிச்சுட்டுத்தான் வண்டிய எடுப்பான்.

என்னது, அடிச்சவனுக்கா? சரி. உங்க மேல தப்பில்ல. முழுசும் கேக்காமச் சொல்லுதீங்க. எங்க டேனியல் சாரும் இதையேதான் சொன்னாரு. இத்தனைக்கும் படிச்சவரு, பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரு.

எம் பேரு நயினார். ஆலங்கிணத்துல மோட்டார் காயில் கட்டுத கடை வச்சிருக்கேன். வச்சிருந்தேன்னு சொல்லணும், இப்பம் பூட்டிக் கெடக்கு. தினம் காலையில பத்தரை மணிக்கு சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். ஊருக்குள்ள கால் வைக்கப்படாது. கேஸ் குடுத்தவனைப் பாக்கப்படாது, பேசப்படாது. இது கோர்ட்டு போட்ட கண்டிசன். அதனால கோவில்பட்டியில மச்சினன் வீட்டுல இருந்து போயிட்டு வாரேன். நீங்க தள்ளி உக்காரண்டாம். நான் களவாணி இல்ல, கொலைகாரனும் இல்ல. நாயத்தைப் பேசுனவன். அதுக்குத்தான் இந்தச் சீரழிவு.

கேஸ் குடுத்தவன் யாரு தெரியுமா? நான் யாருக்காகப் பேசுனேனோ அவனேதான். அந்தப் பதினேழு விக்கெட்டுக்காரன். மாசானம்னு பேரு. எங்க ஊர்ல முடிவெட்டுதவன். வலது கையில மூணு விரல் போச்சு. உள்ள தகடு வச்சிருக்காங்களாம். இனிமே கத்திரி பிடிக்க முடியுமான்னு டாக்டரு இன்னும் வாயத் தெறக்கலையாம். நான் இல்லைன்னு சொல்லலை. அடிச்சது நான்தான். ஒரு அடி. ஆனா எதுக்கு அடிச்சான்னு ஒருத்தனாவது கேக்கணுமா இல்லையா?

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. கேஸ் நடக்கட்டும். திரும்ப உள்ள போடட்டும், போறேன். அவன் வாயால ஒரு வார்த்தை வரணும். 'அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி, அது எனக்கு வர வேண்டியதுதான்'னு. அந்த ஒரு வார்த்தை. அதைக் கேட்டுட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்.

எங்க ஊர்ல பொங்கல் கழிஞ்ச மறுவாரம் கிரிக்கெட்டுப் போட்டி. எட்டு டீமு. டென்னிஸ் பந்து. மேட்ச்சுக்கு எட்டு ஓவரு, ஒரு பவுலருக்கு ரெண்டே ஓவரு. கப்பெல்லாம் எல்லா ஊர்லயும் குடுக்கான். எங்க ஊர்ல தொடர் நாயகனுக்குக் கிடா. நல்ல செங்கிடா. ஆனா அதை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயி வளக்க முடியாது. வாங்குனவன் மறுநாள் அதை அறுத்து, அவன் வீட்டு வாசல்ல பந்தல் போட்டு, எட்டு டீமுக்கும் சோறு போடணும். முதல் கரண்டி அவன் கையால வைக்கணும். எங்கய்யா காலத்துல இருந்து இதுதான் வழக்கம். அந்தக் கரண்டி பிடிச்சவனை ஊர்ல ஒருத்தனும் மறக்க மாட்டான். இருபத்திரெண்டு வருசம் முந்தி யாரு வாங்குனான்னு இப்பமும் சொல்லுவாங்க.

அந்த வருசம் நான் கீப்பரு. ஸ்டம்பிங்கும் கேட்ச்சுமா பதினோரு பேரை அனுப்பினேன். கிடாயை ஒரு சிக்ஸ்காரனுக்குக் குடுத்தாங்க. கீப்பருக்குக் குடுக்க வழக்கமில்லைன்னாங்க. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது. அன்னைக்கு நாட்டாமையா இருந்து அதைச் சொன்னவரு செத்தப்ப நான் போகலை. அவ்வளவுதான்.

மாசானத்துக்கு வருவோம். அவனுக்குன்னு டீமு கெடையாது. அவங்க ஆளுக நாலு வீடுதான. கீழத்தெரு டீமுல எடுத்துக்கிட்டாங்க, நான் சொல்லித்தான் எடுத்தாங்க. ஆளு ஒல்லி. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். ஓடி வரமாட்டான், நாலு எட்டு நடந்துதான் வருவான். ஆனா அந்த விரல் இருக்கே அண்ணாச்சி. சவரக்கத்தியப் பிடிக்கிற மாதிரி லேசாத்தான் பந்தைப் பிடிப்பான். கடைசி நொடியில ஒரு திருகு. டென்னிஸ் பந்து தரையில பட்டதும் வீட்டுக்குக் கோவிச்சுட்டுப் போற மாதிரி திரும்பிப் போகும். பேட்ஸ்மேன் வேற எங்கயோ வீசிட்டு நிப்பான். பதினேழு பேரும் அப்படித்தான் போனானுவ.

மத்தவன் வெள்ளத்துரை. வடக்குத்தெரு. செங்கச்சூளைக்காரரோட அக்கா மகன். நல்ல உடம்பு, நல்ல அடி. நான் மறுக்கலை. ஆனா அந்த இருபத்தேழு சிக்ஸுல இருபத்திரெண்டு கிணத்துப் பக்கம் போனது. கிணத்துப் பக்கம் எல்லை எத்தனை எட்டுத் தெரியுமா? முப்பத்தஞ்சு. நான் நடந்து பாத்துருக்கேன். எங்க வீட்டுப் பொம்பளையாளு தொடப்பக்கட்டையால அடிச்சாலும் சிக்ஸு. போதாததுக்கு முதல் மேட்ச்சுல அவன் ரன்னே எடுக்காம நிக்கும்போது ரெண்டு கேட்ச்சு விட்டானுவ. இதெல்லாம் எவன் பாக்கான்? நான் பாத்தேன். ஒரு நோட்டுல பந்து பந்தா எழுதி வச்சிருந்தேன். அந்த நோட்டை இப்பம் போலீஸு வச்சிருக்கு. சாட்சியாம்.

எனக்குக் கோவம் வரும்னு ஊர்ல பேரு இருக்கு. அது பொய். செமிஃபைனல்ல மாசானம் போட்ட பந்தை அம்பயரு வைடுன்னுட்டான். நான் கமிட்டி ஆளு, ஓரமாக் கூப்பிட்டுத் தன்மையாச் சொன்னேன். கேக்கலை. செவுட்டுல ஒண்ணு குடுத்தேன். காதுல ரத்தம் வந்துட்டு. அவனுக்கு ஏற்கெனவே காதுல சீழ் உண்டு, அதனால வந்தது. அதுக்கு மாசானம் ஓடி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணே, எனக்காக யாரையும் அடிக்காதீங்கண்ணே'ன்னான்.

'உனக்காக இல்லலே. நாயத்துக்காக'ன்னேன்.

ஃபைனல் கீழத்தெருவுக்கும் வடக்குத்தெருவுக்கும். வடக்குத்தெரு முதல்ல ஆடுனான். எழுபத்தி நாலு. மாசானம் ரெண்டு ஓவருல ஆறு ரன்னு, நாலு விக்கெட்டு. அதுல ஒண்ணு வெள்ளத்துரை. ஆறு ரன்னுல நடு ஸ்டம்பு சாஞ்சு கெடக்கு. அவன் போகலாம்லா? பேட்டைத் தூர வீசுனான். நேரா மாசானத்துக்கிட்ட போனான். சட்டையக் கொத்தாப் பிடிச்சு, நெத்தியால மூக்குல ஒரே முட்டு. குபுகுபுன்னு ரத்தம். சட்டை பூரா ரத்தம். கீழத்தெருப் பயலுவ பாயப்போனானுவ. இந்த மாசானம் என்ன செஞ்சான் தெரியுமா? மூக்கைத் துடைச்சுக்கிட்டு, 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, தம்பி ஏதோ வேகத்துல'ன்னு சிரிச்சான். மூக்குல பஞ்சை வச்சுக்கிட்டு மிச்சப் பந்தையும் போட்டான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது அண்ணாச்சி. கடையிலயும் அப்படித்தான். எவன் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு. ஒரு மனுசனுக்கு ரோசம் வேண்டாமா?

கீழத்தெரு எழுபதுல முடிஞ்சுட்டு. நாலு ரன்னுல தோல்வி. அதுக்கு மாசானம் என்ன செய்வான்? அவனை எறக்குனதே கடைசி ஆளா. ஒரு பந்துகூட ஆட விடலை, எதிர்ப் பக்கம் நின்னவன் ரன்அவுட்டாயிட்டான்.

பெறவு கொட்டகையில நாங்க மூணு பேரு உக்காந்தோம். கமிட்டியில மூணு பேரு. கிடா வாங்கிக் குடுத்தவரு ஒருத்தரு, அது சூளைக்காரரு. விளையாட்டுத் தெரிஞ்சவரு ஒருத்தரு, டேனியல் சாரு. பழைய ஆட்டக்காரன் ஒருத்தன், அது நான். சாயங்காலம் நாலு மணி இருக்கும். கிரவுண்டு நெறைய சனம். பொம்பளையாளுக, புள்ளைக, எல்லாம் யாருக்குக் கிடான்னு காத்துக்கிட்டு இருக்கு.

டேனியல் சாரு சொன்னாரு: 'நயினாரு, சனம் வந்ததே வெள்ளத்துரை அடிக்கிறதைப் பாக்கத்தான். ஜெயிச்ச டீமும் அவன் டீமு. தோத்த டீமு ஆளுக்குக் குடுத்தா எவன் ஒத்துக்குவான்?'

நான் கேட்டேன்: 'சார், பேட்ஸ்மேனுக்கு நாப்பத்தெட்டுப் பந்து இருக்கு. பவுலருக்குப் பன்னெண்டு. பன்னெண்டு பந்துல ஒருத்தன் மேட்ச்சைத் திருப்புதான்னா அவன் பெரியவனா, நாப்பத்தெட்டையும் வச்சுக்கிட்டு கிணத்துல அடிக்கிறவன் பெரியவனா? மாசானம் இல்லைன்னா கீழத்தெரு ஃபைனலுக்கு வந்துருக்குமா? வெள்ளத்துரை இல்லைன்னாலும் வடக்குத்தெரு வந்துருக்கும். இன்னைக்கு அவன் ஆறு ரன்னுதான அடிச்சான், அவன் இல்லாமத்தான ஜெயிச்சானுவ?'

இதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? உங்களுக்குத் தோணுதா? சாரு கண்ணாடியக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. நான் பேசுதது அம்புட்டுக்கு நல்லா வந்துது அன்னைக்கு. இம்புட்டு நல்லாப் பேசுதோமே, கொட்டகைக்குள்ளயே போயிருமேன்னு தோணுச்சு. மைக்செட்டு என்னோடது, மைக்கு எங்க மேசை மேலதான் கெடந்துது. நான் கட்டுன குழாய் ஸ்பீக்கருதான் நாலு பக்கமும். ஸ்விட்சு எங் கால்மாட்டுலதான் இருந்துது. கட்டைவிரலால தட்டி விட்டேன். ரகசியமா ஒண்ணும் இல்ல, நாயம் நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான். அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. குழாய் எல்லாம் வெளிப்பக்கம் பாத்துக் கெடந்துது.

நான் திரும்ப ஒருக்கா எல்லாத்தையும் சொன்னேன். கிணத்துப் பக்கம், ரெண்டு கேட்ச்சு, பன்னெண்டு பந்து. வெளிய சனம் கப்சிப்புன்னு ஆயிட்டு.

அப்பம் சூளைக்காரரு வெத்தலையத் துப்பிட்டு நிதானமாச் சொன்னாரு. 'நயினாரு, நீ சொல்லுததெல்லாம் சரிதான்டே. கிடாயை அவன்ட்ட குடுத்துருவோம். நாளைக்கு அவன் வீட்டு வாசல்ல எலையப் போட்டா எவன் உக்காருவான்?'

'நான் உக்காருவேன்'னேன்.

'ஒனக்குத்தான் வயித்துப்புண்ணு, கறியே திங்க மாட்டியே.'

'சோறு திம்பேன்.'

சிரிச்சாரு அவரு. 'இம்புட்டு வருசத்துல அவன் வீட்டுல ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கியாடே?'

இதுக்கு என்ன அர்த்தம்? எனக்குத் தண்ணி வேணும்னா எங் கடையிலயே பானை இருக்கு. அவன் வீடு அங்கன ஊர்க் கடைசியில இருக்கு. தேவைப்படலை, குடிக்கலை. நான் அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் பாக்குத ஆளே கெடையாது. எந் தலையத் தொட்டு முடி வெட்டுதவனே அவன்தான. அதைச் சொல்லலாம்னு வாயெடுக்கேன், வெளிய ஒரு ஊளைச்சத்தம்.

எல்லாரும் கேட்டுட்டாங்கல்லா. 'அவன் வீட்டு வாசல்ல எவன் உக்காருவான்'னு நாலு குழாய்லயும் போயிட்டு. கீழத்தெருப் பயலுவளுக்கு நாலு ரன்னுல தோத்த கடுப்பு வேற. அவங்க ஆளை அசிங்கப்படுத்திட்டான்னு ஒரே பாய்ச்சல். முதல்ல ஒரு சேரு வந்துது. பிளாஸ்டிக் சேரு. சூளைக்காரரு நெத்தியில விளிம்பு பட்டு, தேங்காய் மாதிரி பொளந்துட்டு. ரத்தம் கண்ணுல எறங்கி அவரு குருட்டாம்போக்குல ரெண்டு கையையும் வீசுதாரு. வடக்குத்தெருக்காரனுவ பேட்டோட வந்தானுவ. கீழத்தெருக்காரனுவ ஸ்டம்பை உருவிக்கிட்டு வந்தானுவ. கொட்டகைக் காலு சாஞ்சு துணி எல்லாரு தலையிலயும் விழுந்துது. துணிக்குள்ள யாரை யாரு அடிக்கான்னே தெரியலை. பேட்டு எலும்புல பட்டா ஒரு சத்தம் வரும், கேட்டுருக்கீங்களா? ஈர விறகை ஒடிக்கிற மாதிரி இருக்கும். அது அங்கங்க கேட்டுக்கிட்டே இருந்துது. டேனியல் சாரு மேசைக்கு அடியில தவழ்ந்து போறாரு, அவரு முதுகுல ஒருத்தன் ஏறி மிதிச்சுட்டுப் போறான். வெள்ளத்துரைய நாலு பேரு கீழ போட்டு மிதிக்கானுவ. எவன் பல்லோ ஒண்ணு தெறிச்சு எஞ் சட்டைப் பையில விழுந்துருக்கு. ஸ்டேஷன்ல பையத் தடவும்போதுதான் போலீஸு எடுத்துக் காமிச்சாங்க.

நானும் ஒரு ஸ்டம்பை எடுத்துக்கிட்டேன். வேற என்ன செய்ய, சும்மா நின்னா மண்டை போயிரும்.

அந்த அமளிக்குள்ள மாசானம் துணிய விலக்கிக்கிட்டு உள்ள வந்தான். மூக்குல பஞ்சு, சட்டையில ரத்தம். முதல்ல என்ன சொன்னான் தெரியுமா? 'அண்ணே, மைக்கை அமத்துங்கண்ணே. எம் புள்ளைக வெளிய நிக்குதுக.' அழுதான்னு நினைக்கேன். பஞ்சு வச்சிருந்ததால குரல் அப்படி இருந்துருக்கும்.

'ஏன் அமத்தணும்? நீ வெளிய போயிச் சொல்லு, கிடா எனக்குத்தான் வரணும்னு சொல்லு'ன்னேன்.

'எனக்கு வேண்டாம்ணே. நான் எல்லாத் தெருத் தலையையும் தொட்டுப் பொழைக்கிறவன். எனக்கு எல்லாரும் வேணும்'னான். சொல்லிட்டு மேசையில கெடந்த மைக்கை எடுத்தான். நானும் நம்பி நிக்கேன், நல்லதாச் சொல்லுவான்னு. அவன் சொல்லுதான்: 'எல்லாரும் சண்டைய விடுங்க. தொடர் நாயகன் வெள்ளத்துரைத் தம்பிதான். எனக்கு முழுச் சம்மதம். கிடா அவருக்குத்தான்.'

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. ஒரு வாரமா வெயில்ல நின்னு பந்து பந்தா எழுதுனவன் நான். அவனுக்காக ஒருத்தன் காதை உடைச்சவன் நான். ஊரே கேக்குதாப்புல நான் நிரூபிச்சு வச்சதை, ஒரே வார்த்தையில அவன் இல்லைன்னு சொல்லிட்டான். என்னையப் பொய்யனாக்கிட்டான்லா.

'இல்லைன்னு சொல்லு. மாத்திச் சொல்லு'ன்னேன்.

'வேண்டாம்னா விடுங்களேண்ணே'ன்னான். அந்தச் சிரிப்பு வேற. வாயோரத்துல ரத்தத்தோட அந்தச் சிரிப்பு.

ஸ்டம்பு கையில இருந்துது. அடிச்சேன். மைக்கைத்தான் அடிச்சேன் அண்ணாச்சி. அவன் பேசப்படாதுன்னு மைக்கைத்தான் அடிச்சேன். அவன் அதை விரலால சுத்திப் பிடிச்சுக்கிட்டு மேசை மேல கைய வச்சிருந்தா நான் என்ன செய்ய? முதல் அடியிலயே விட்டுருக்கலாம்லா. விடலை. அதனாலதான் ரெண்டாவது அடி.

ஆமா, ஒண்ணுன்னுதான் சொன்னேன். ரெண்டு. பேச்சுல ஒண்ணு விட்டுப்போச்சு.

மைக்கு உயிரோட இருந்துது பாத்துக்கிடுங்க. அந்தச் சத்தம் நாலு குழாய்லயும் போயிருக்கு. ஸ்டம்பு அவன் விரல்ல விழுந்த சத்தம். பெறவு அவன் போட்ட அலறல். கிரவுண்டு பூரா அப்படியே நின்னுட்டு. பேட்டை ஓங்குனவன் ஓங்குனபடி நிக்கான். ஒரு பொம்பளப் புள்ள 'அப்பா'ன்னு கூப்புடுது, அது மட்டும் தூரத்துல கேக்குது. அந்தச் சண்டைய யாரு நிறுத்துனா? அவன் மைக்குல சொல்லி நின்னுச்சா? இல்லைல்லா. நான்தான் நிறுத்துனேன். இதைக் கோர்ட்டுல வக்கீலு சொல்லவே இல்ல. வாயத் தெறக்காதீங்கன்னுட்டாரு.

மறுநாள் கதையக் கேளுங்க. வடக்குத்தெருவும் கீழத்தெருவும் சமாதானம் ஆயிட்டானுவ. எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல, எல்லாத்துக்கும் நயினார்தான் காரணம், மைக்கைப் போட்டு விட்டதும் அவன்தான்னு ரெண்டு தெருவும் ஒண்ணாப் போயி ஸ்டேஷன்ல சாட்சி எழுதிக் குடுத்தானுவ. சூளைக்காரரு தலையில தையலோட சேரு போட்டு உக்காந்திருக்க, வெள்ளத்துரை வீட்டு வாசல்ல கிடாயை அறுத்து எட்டு டீமும் தின்னுருக்கானுவ. கீழத்தெருவும் வரிசையில உக்காந்து தின்னுருக்கான். ஆஸ்பத்திரியில கெடக்க மாசானத்துக்கு ஒரு தூக்குவாளியில கறி குடுத்து விட்டானுவளாம். அதை அவன் வேண்டாம்னு சொல்லலையாம். வாங்கிக்கிட்டானாம். கேட்டீங்களா, அவனுவ குடுத்தா வாங்குவான். நான் குடுத்தா வாங்க மாட்டான்.

நான் உள்ள பதினாலு நாளு கெடந்தேன். எம் பொஞ்சாதி ஒரே ஒரு தடவை பாக்க வந்தா. ஆனா மாசானத்தைப் பாக்க வாரத்துக்கு ரெண்டு தடவை போறா. முட்டை, பாலு எல்லாம் கொண்டு போறா. அவன் பொஞ்சாதி வயக்காட்டு வேலைக்குப் போறாளாம். கடை அடைச்சே கெடக்கு. போன வாரம் மச்சினன் வீட்டுக்கு வந்தவ சொல்லுதா: 'உங்க பேரைச் சொன்னாலே அந்த மனுசன் கையப் போர்வைக்குள்ள இழுத்துக்கிடுதாரு. இனிமே அவரு பேரு உங்க வாயில வரப்படாது.' இவளுக்கு என்ன தெரியும்? மாசி மாசக் காத்து, அவனுக்குக் குளிருதா இருக்கும்.

இப்பம் சொல்லுங்க. எல்லாத்தையும் கேட்டுட்டீங்கல்லா. பதினேழு விக்கெட்டா, எரநூத்தி நாப்பத்தோரு ரன்னா?

மாசானந்தானே. பாத்தீங்களா. முகந்தெரியாத ஆளு நீங்க, உங்களுக்குப் புரியுது. ஏன் சத்தம் கம்மியாச் சொல்லுதீங்க? பயந்துக்கிட்டுச் சொல்லாதீங்க, நான் என்ன உங்களை அடிக்கவா போறேன். உள்ளபடியே தோணுனாத்தான் சொல்லணும்.

கழுகுமலை வந்துட்டு போலருக்கு. நான் இங்கன எறங்குதேன். இல்ல, கையெழுத்து சங்கரன்கோவில்லதான், பத்தரைக்குத்தான். இங்க மாசானத்தோட அக்கா வீடு. ஆஸ்பத்திரியில இருந்து இங்கதான் கொண்டு வந்து வச்சிருக்காங்க. பத்து நிமிச வேலை. கோர்ட்டு பாக்கப்படாதுன்னு சொன்னது கேஸ் விசயமாப் பேசத்தான். நான் கேஸைப் பத்திப் பேசவே போறதில்ல.

இந்தக் கப்பைக் குடுத்துட்டுப் போயிருவேன். இந்தா, பாருங்க. கோவில்பட்டியில நேத்து சொல்லி வாங்குனேன். நல்ல கனம், தூக்கிப் பாருங்க. பேரு போட்டுருக்கேன், 'தொடர் நாயகன் மாசானம்'னு. கீழ என் பேரு சின்னதா. யாரு குடுத்தான்னு தெரியணும்லா.

போகாதீங்கன்னா சொல்லுதீங்க? நீங்களும் எம் பொஞ்சாதி மாதிரியே பேசுதீங்களே. என்ன அண்ணாச்சி, இப்பந்தான மாசானத்துக்குத்தான்னு சொன்னீங்க. அவனுக்குன்னா அவன் வாங்கணும்லா. போன புதன்கிழமையும் போனேன். அவன் அக்கா கதவைச் சாத்திட்டா. ஜன்னல் வழியாச் சொல்லுதான்: 'அண்ணே, மூணு அடி அடிச்சிட்டீங்க, போதும்ணே, என்னைய விட்டுருங்க.' மூணுதான், சரி, அவன் எண்ணிருக்கான். நான் எண்ணலை. ஆனா விட முடியுமா? விட்டா நான் சொன்னது பொய்யின்னு ஆகிராதா?

இன்னைக்குப் புள்ளைக பள்ளிக்கூடம் போயிருக்கும், அக்காக்காரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருப்பா. அவன் மட்டுந்தான் இருப்பான். நிதானமாப் பேசலாம். கண்டக்டரே, எறங்கணும், நிறுத்துங்க. வாரேன் அண்ணாச்சி. அவன் இன்னைக்கு வாங்குவான். வாங்கிட்டு அந்த ஒரு வார்த்தையச் சொல்லுவான். வலது கையில பிடிக்க முடியாட்டி என்ன, இடது கை நல்லாத்தான இருக்கு. அந்தக் கைய நான் பிடிச்சுக்கிடுதேன்.